சனிக்கிழமை சத்தம்

உனக்கு வேறு வேலை இல்லையா அமுதா? வாராவாரம் நான் வாயால் பேசி அனுப்புவதைக் கேட்டு, நல்ல தமிழில் தட்டிப் பத்திரிகைக்குக் கொடுக்கிறாய். புண்ணியமாகப் போகட்டும். அதற்காக, போன வாரம் வாய் தவறி "அந்தச் சனிக்கிழமைக் கூத்து" என்று நான் விட்ட ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, மூன்று நாளாகப் போனில் குடைவதா? கல்யாணம் ஆக வேண்டிய பெண் நீ. கிழவி வீட்டு வெட்கக்கேட்டைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய்? உலை வைக்கப் போகிறாயா?

சரி, சொல்கிறேன். ஆனால் ஒன்று. நடுவில் நான் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் அது சளி. சளி என்றே எழுது.

கார் ஹாரன்

மழை பிடிக்கிற மாதம். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் லூனாஸ் பக்கத்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. காணிக்கைப் பாட்டு நேரம். சனம் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. பாட்டுக் குழு மட்டும் நிற்கிறது.

பாட்டுக் குழுவில் நாங்கள் ஏழு பேர். ஆறு பேருக்குக் குரல் உண்டு. ஒருத்திக்கு முன்பல் இரண்டு இல்லை. அது யார் என்று எழுத வேண்டாம்.

எங்களுக்கு வாசிக்க ஆள் கிடையாது. கீபோர்டு வாசித்த பெனடிக் ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் வாசித்துப் பதிந்து வைத்த இசையைப் பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவருவேன். பாதர் உடுப்பு மாற்றுகிற அறையில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கிறது. அதில் சொருகி, நானே பட்டனை அமுக்குவேன். அமுக்கிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு பதினைந்து எட்டு எடுத்து வைத்தால் என் இடம். முன்னிசை முடிவதற்குள் வந்து நின்றுவிடலாம். இத்தனை மாதமாக அப்படித்தான் நடந்தது.

அன்றைக்கு என் இடத்துக்கு வந்து நின்றேன். கீபோர்டு வரவில்லை. யாரோ ஒரு கிழவி "ம்ம்... ம்ம்" என்று கிறிஸ்மஸ் பாட்டை முனகுகிற சத்தம் வந்தது.

பக்கத்தில் நின்ற பிலோமினா என் பக்கம் சாய்ந்தாள். அவள் எனக்குப் பக்கத்து வீடும்கூட.

"என்னாக்கா இது, புது மியூசிக்கா?"

அதற்குள் கோயில் முழுக்க ஒரு கார் ஹாரன் அடித்தது. "பாம், பாம்." பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே வண்டி நிறுத்திய இடத்தை எட்டிப் பார்த்தார்கள்.

அந்த ஹாரன் யாருடையது என்று அத்தனை சனத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். எந்த மூச்சுக்கு எந்தச் சொல் என்று தெரியும்.

அங்கேயே கொஞ்சம் நில் அமுதா. பாதரும் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். முதலில் ரெக்கார்டர் கதையைச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நத்தைக் கொம்பு

அதற்கு முந்திய கிறிஸ்மஸ் சமயம். பெனடிக் ஊரைவிட்டுப் போவது முடிவாகிவிட்டது. அவன் தன்னிடம் இருந்த ரெக்கார்டரையும் ஒரு பழைய லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, மத்தவங்கல்லாம் வேலைக்குப் போறாங்க. நீங்கதான் வீட்ல சும்மா இருக்கீங்க."

"சும்மாவா? யாரு சொன்னா? காலையில எந்திரிக்கிறேன், ராத்திரி படுக்கிறேன். நடுவுல மூச்சு விடுறேன்."

"அதோட இதையும் பாத்துக்குங்க லா."

ரெக்கார்டர் சவுக்காரக் கட்டி அளவுதான். கறுப்பு. தலையில் வெள்ளி நிறத்தில் இரண்டு மைக், நத்தைக்குக் கொம்பு முளைத்த மாதிரி. பதிகிறபோது நெற்றியில் சிவப்பாக ஒரு புள்ளி எரியும்.

எனக்கு ரெக்கார்டர் புதிது இல்லை. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோதே என் வீட்டுக்காரர் ஒரு கேசட்டு ரெக்கார்டர் வாங்கினார். தன் குரலைப் பதிந்து முதல்முதல் கேட்டவர், "யாருடி இது, தகரத்துல பேசறான்?" என்று கேட்டார். நான் "நீங்கதான்" என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் மெதுவாகத்தான் பேசினார். அந்த லயத்தில் பலகைச் சுவர். அடுத்த வீட்டுக்காரன் குறட்டை விட்டால் எங்கள் தட்டு அதிரும். அப்போதெல்லாம் "மாதாவே, ஒரே ஒரு நாள் அமைதி கொடு" என்று வேண்டுவேன். கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தாள். மொத்தமாகக் கொடுத்தாள்.

வீட்டுக்காரர் போன பிறகு என் வீட்டில் கடிகாரம் மட்டும்தான் பேசுகிறது. அதுவும் சொன்னதையே சொல்லும்.

ஐஸ்பெட்டி மேல்

கிறிஸ்மஸுக்கு மறுநாள். புது வருஷப் பூசைக்காக நான் தனியாகப் பாடிப் பழகிக்கொண்டிருந்தேன். சுருதி சேருகிறதா என்று பிறகு கேட்டுப் பார்ப்பதற்காக ரெக்கார்டரை ஓடவிட்டு ஐஸ்பெட்டி மேல் வைத்தேன். பாட்டில் பாதிகூடப் போகவில்லை, வாசலில் ஹாரன்.

என் மகன் வின்சென்ட். கூடவே மருமகள் ஷீலா, பேத்திகள் இரண்டு பேர். ஜொகூரிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்திருக்கிறார்கள். ஷீலாவின் அம்மா வீடு அலோர் ஸ்டார் மெர்கோங்கில். ராத்திரித் தங்கல் அங்கே. என் வீடு போகிற வழி.

நான் குறையாகச் சொல்லவில்லை. அங்கே நாலு அறை, ஏர்கோன் எல்லாம் உண்டு. என் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் தட்டுமுட்டுச் சாமான். இன்னொன்றில் நான், என்னையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம்.

கார் நின்ற சூடு ஆறவில்லை, பிலோமினா ஒரு தட்டில் அச்சுமுறுக்கோடு வந்துவிட்டாள். அவள் போன பிறகு சாப்பாடு. சின்னப் பேத்தி ஓடி, வழுக்கி விழுந்து, ஊரையே கூட்டினாள். பெரியவள் பூனைக்கு மீன் போட்டுத் திட்டு வாங்கினாள். ஷீலா தலைவலி என்று கொஞ்சம் படுத்தாள். வின்சென்ட் இரண்டு தரம் சோறு வாங்கினான். பிறகு கைகழுவி, கன்னத்தில் முத்தம் கொடுத்து, ஏறிப் போய்விட்டார்கள். மொத்தம் இரண்டு மணி நேரமும் கொஞ்சமும்.

ஐஸ்பெட்டி மேல் அந்தச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்ததை நான் மறுநாள்தான் பார்த்தேன்.

பச்சைக் கோடு

அதே வாரத்தில் பெனடிக் வந்து எனக்கு லேப்டாப் கற்றுக்கொடுத்தான். ரெக்கார்டரில் இருப்பதை லேப்டாப்புக்கு மாற்றுவதற்கு அதில் ஒரு சாப்ட்வேர் இருந்தது. ஒயரைச் சொருகினால் தானாகவே திறந்து, திரையை நடுவில் இரண்டாகப் பிரித்துக் காட்டும்.

"எடது பக்கம் ரெக்கார்டருக்குள்ள இருக்கறது. வலது பக்கம் லேப்டாப்புக்குள்ள இருக்கறது. நடுவுல அம்பு. எது வேணுமோ அது மேல ஒரு தட்டு. அப்புறம் அம்பு மேல ஒரு தட்டு. பென்டிரைவச் சொருகினாலும் இதே மாதிரிதான்."

"தப்பாத் தட்டிட்டா வெடிக்குமா தம்பி?"

"வெடிக்காதுக்கா."

"அப்பச் சரி. கத்துக்கறேன்."

முதல்முதலில் நான் தட்டியது அந்தக் கிறிஸ்மஸ் பதிவைத்தான். கீழே ஒரு பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. நகர்ந்தது, நகர்ந்தது, தேநீர் போட்டுக் குடித்து முடித்தும் பாதியில்தான் நின்றது.

"என்னாக்கா இது, இவ்ளோ நீளம்? பாட்டா, கல்யாண வீடா?" என்று பெனடிக் அதை ஓடவிட்டான். நான் முனகுவது கேட்டது. ஹாரன். "மா, கதவத் தொறங்க." அவ்வளவுதான் கேட்டான். "தெரியாம ஓடியிருக்கு. அழிச்சிரலாமா?"

"கெடக்கட்டும். சோறா கேக்குது?" என்றேன்.

அவன் போன பிறகு முழுவதும் கேட்டேன்.

எல்லாம் இருந்தது. கரண்டி தட்டில் படுகிற சத்தம்கூட. அவர்கள் புறப்பட்டு, கேட் மூடி, கார் சந்து முனை திரும்புகிற வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகும் ஓடியிருந்தது. என் செருப்புச் சத்தம் உள்ளே வருகிறது. குழாய் திறக்கிறது. ஒவ்வொரு தட்டாகக் கழுவுகிறேன். பிறகு குழாயை மூடிவிட்டு "சரி" என்கிறேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை நான் மறுபடி கேட்டதில்லை.

வாய் சும்மா இருந்திருக்கலாம்

புது வருஷம் முடிந்த சமயம். காய்கறி வேன் வந்து நின்றது. நான் கத்திரிக்காயை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிலோமினா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"ஒங்க வீட்டு அண்ணன் போயி ஒரு வருசம் ஆகப்போகுது. வின்சென்ட் தம்பி கிறிஸ்மஸுக்கு எட்டிப் பாத்ததோட சரி. ஒத்தப் புள்ள. என்னா மகன் லா அக்கா அது?"

என்னைப் பாவம் என்று சொல்லட்டும். கிழவியைப் பாவம் என்று சொல்வதில் யாருக்கு நட்டம்? ஆனால் அவனைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவன் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். ஞாயிறு ஒரு நாள்தான் அவன் தன் படுக்கையைப் பகலில் பார்க்கிறான். அன்றைக்கும் எனக்குப் போன் போடுவான். "சாப்ட்டீங்களாமா?" என்பான். "சாப்ட்டேன்" என்பேன். "வா" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் வந்துவிடுவான். அந்தக் களைப்போடு அத்தனை தூரம் வண்டி ஓட்டுவான். அதனால் சொல்வதில்லை.

இதையெல்லாம் பிலோமினாவிடம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். என் வாய் வேறு சொன்னது.

"யாரு சொன்னா வரலன்னு? சனிக்கெழம சனிக்கெழம வர்றான். நீ ஏழு மணி வரைக்கும் கடையில ரொட்டி விக்கற, வந்ததும் டிவி முன்னால ஒக்காந்துடற, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வண்டியக் காணோமே?"

"நம்ம சந்துல எங்க நிறுத்தறது? ஹாரன் அடிச்சிப் புள்ளைங்கள எறக்கிட்டு, மெயின் ரோட்டுல கொண்டு போயி விட்டுட்டு நடந்து வருவான்."

இவ்வளவு தடங்கலில்லாமல் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால் வக்கீலாகியிருப்பேன்.

சொல்லியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டது. சாயங்காலம் ஏழு மணிக்குப் பிலோமினா வேலை முடிந்து கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. என் வீடு கிணறு மாதிரி இருந்தது. நான் அந்தக் கிறிஸ்மஸ் பதிவைப் பென்டிரைவில் ஏற்றி, ரேடியோவின் பின்னால் சொருகினேன்.

தண்ணீர்

அதற்குப் பிறகு வாராவாரம். ஏழு மணிக்கு ஹாரன். எட்டு மணிக்குள் சின்னது விழும். ஒன்பதுக்குப் பிறகு கிளம்புவார்கள். கேட் மூடுகிற சத்தத்தோடு நான் ரேடியோவை நிறுத்திவிடுவேன்.

முதலில் அது அக்கம்பக்கத்துக்காகத்தான். ஒரு மாதம் போனதும் யாருக்காக என்று நான் கேட்டுக்கொள்வதை விட்டுவிட்டேன். சனிக்கிழமை என்றால் நல்ல சேலையாகக் கட்டினேன். மீன் வறுத்தேன். ஒருநாள் வின்சென்ட் குரல், "மா, தண்ணி" என்றது. நான் எழுந்து போய்க் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி, மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நாற்காலியைப் பார்த்தேன்.

அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். வீணாக்குவானேன்.

பதிவில் நான் அதிகம் பேசுகிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவன் ஏதோ சொல்ல வருவான்; நான் "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று குறுக்கே விழுவேன். என்ன சொல்ல வந்தான்? எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் அந்தக் கிழவி வாயை மூடுவதில்லை.

ஓர் இடத்தில் மட்டும் கவனமாக இருப்பேன். பிலோமினா முறுக்குத் தட்டோடு வருகிறாளே, அந்த இடம். அவள் குரல் வருவதற்கு முன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை மாட்டியிருப்பேன். அப்போதுதான் போட்டிருந்தேன். கேட்டில் பிலோமினா நிஜமாகவே வந்து நிற்கிறாள், கையில் ரொட்டிப் பையோடு. நான் வெளியே ஓடினேன்.

"கடையில மிஞ்சிருச்சுக்கா. புள்ளைங்களுக்குக் குடுங்க. உள்ள வந்து பாத்துட்டுப் போறேனே?"

"குளிக்கிறாங்க."

"ரெண்டு பேருமா?"

"நாலு பேரும்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து என் மகன் குரல், "மா, யாரு வாசல்ல?" என்றது. அடுத்த மூச்சில் என் குரலே உள்ளேயிருந்து பதில் சொல்லப் போகிறது. அதற்கடுத்து இவள் குரல். எனக்கு வந்த இருமல் இருக்கிறதே, அப்படி ஓர் இருமலை நீ கேட்டிருக்க மாட்டாய். தெருநாய் எழுந்து போய்விட்டது. "அடுப்புல பாலு" என்று ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடி ரேடியோவை அமுக்கினேன்.

அந்த ரொட்டியை மூன்று நாள் தின்றேன்.

சிலுவையும் கடைசி மணியும்

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள். பெனடிக் லீவில் வந்து ஒரு புதுக் காணிக்கைப் பாட்டுக்கு இசை பதிந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கோயில் பென்டிரைவில் மற்றப் பாட்டுகள் ஏற்கெனவே இருந்தன. இது ஒன்றைத்தான் ஏற்ற வேண்டும்.

அந்த சாப்ட்வேரில் பாட்டுக்குப் பெயர் கிடையாது. இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமாக ஒரே மாதிரி வரிசை. தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிவிடுவேன். இது எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். அதனால் நான் என் வழியில் கணக்கு வைத்தேன். செபமாலையைக் கையில் எடுத்துக்கொள்வேன். சிலுவை என்றால் பட்டியலின் முதல் வரி: அது என் வீடு, அந்தக் கிறிஸ்மஸ். பிறகு மணிக்கு ஒரு பாட்டு. புதிதாகப் பதிந்தது எப்போதும் கடைசி மணி. இத்தனை மாதத்தில் ஒரு பிசகு வந்ததில்லை.

அன்றைக்குத் திரை தூசியாக இருந்தது. மவுசை நகர்த்திவிட்டுத் துணியால் துடைத்தேன். துடைக்கிறபோது முழங்கைக்கு அடியில் எங்கோ ஒரு "டிக்" கேட்டது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியலுக்கு மேலே சின்னதாக ஒரு முக்கோணம் இருக்கிறதாம். அதில் தட்டுப்பட்டால் முதல் வரி கடைசிக்கும், கடைசி வரி முதலுக்கும் போய்விடுமாம். பெனடிக் பிறகு போனில் சொன்னான்.

நான் மணியை உருட்டினேன். கடைசி மணி, கடைசி வரி. தட்டினேன். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. நகர்ந்தது, நகர்ந்தது. நான் துணி காயப்போட்டுவிட்டு வந்தும் முடியவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "உனக்கும் வயசாயிருச்சா" என்று லேப்டாப்பைத் தட்டிக் கொடுத்தேன்.

பதினைந்து எட்டு

ஆக, கோயில். ஹாரன் அடித்துவிட்டது.

நான் நடக்க ஆரம்பித்தேன். வரும்போது பதினைந்து எட்டு இருந்த தூரம் போகும்போது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை.

"மா, கதவத் தொறங்க." கோயில் முழுக்க என் மகன். சுவரெல்லாம் அவன் குரல். வீட்டு ரேடியோவில் இத்தனை மாதம் கேட்டும் அவன் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. பேத்தி "பாட்டி, பாட்டி" என்று ஓடிவருகிறாள். நான் சிரிக்கிறேன். சனம் முதலில் சிரித்தது. பிறகு ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் நிறுத்தியது.

"மா, யாரு வாசல்ல?"

"நம்ம பிலோமினாதான்."

நான் அறைக் கதவைப் பிடித்துவிட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். பிலோமினா பாட்டுப் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, வாயை மூடி நிற்கிறாள். மேலேயிருந்து அவள் குரல் வருகிறது:

"தம்பி, எப்ப வந்தீங்க? மெரி கிறிஸ்மஸ். அடடா, புள்ளைங்க எவ்ளோ வளந்துட்டாங்க."

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டேன்.

சத்தம் நின்ற பிறகு கோயிலில் மின்விசிறிகள் மட்டும் சுற்றின. பாதர் தலையால் எங்கள் பக்கம் லேசாகச் சைகை காட்டினார். நான் திரும்பி வந்து என் இடத்தில் நின்றேன். இசை இல்லாமலே பாடினோம். ஒருவர் சுருதியும் ஒருவரோடு சேரவில்லை. பிலோமினா பாடவில்லை.

கேட்டருகே

அன்று சாயங்காலம் வின்சென்ட் போன் போட்டான். "சாப்ட்டீங்களாமா?" என்றான். "சாப்ட்டேன்" என்றேன். "கோயிலுக்குப் போனீங்களா?" என்றான். "போனேன். நீயும் வந்திருந்த" என்று சொல்ல வந்து, "போனேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தால் கேட்டருகே பிலோமினா. மறுபக்கத்து வீட்டு ரோஹானாவும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். ரோஹானா மலாய்க்காரப் பெண்; என்னை "மாக்சிக்", அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவாள். அவள் வீட்டுச் சமையலறைக்கும் என் வீட்டு முன்னறைக்கும் நடுவில் ஒரே சுவர்.

"ஒண்ணு கேக்கறேன்க்கா, மறைக்காமச் சொல்லுங்க" என்றாள் பிலோமினா. "சனிக்கெழம சனிக்கெழம நாங்க கேட்டது எல்லாம் அந்த ரெக்கார்டுதானா?"

"ஆமா."

"என் கொரலும் அதுலயே இருந்துச்சா, இவ்ளோ நாளா?"

"இருந்துச்சு. நீ வர்றப்ப மட்டும் சத்தத்தக் கொறச்சிருவேன். ஒன்ன நேர்ல கேக்கறதே போதும்."

அவள் சிரிக்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ரோஹானா குழாயை மூடினாள். பிலோமினாவின் முகத்தைப் பார்த்தே விஷயம் என்ன என்று விளங்கிவிட்டது போலிருக்கிறது. மலாயில் மெதுவாகச் சொன்னாள்: "மாக்சிக், எனக்கு எப்பவோ தெரியும்." சின்னப் பிள்ளை வாராவாரம் ஒரே நேரத்தில் விழுந்து அழுமாம். அந்த அழுகை கேட்டதும்தான் அவள் சோற்றை இறக்குவாளாம். எந்தப் பிள்ளை வாராவாரம் கடிகாரம் பார்த்து விழும்?

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு சிரிப்புக் கேட்கும் என்றாள். முதலில் பெரிதாக ஒன்று. அதற்குப் பின்னால், கொஞ்சம் பிந்தி, சின்னதாக இன்னொன்று. "ரெண்டும் நீங்கதான், மாக்சிக். அதனாலதான் கேக்கல."

எனக்குச் சளி பிடித்தது அன்றைக்குத்தான் அமுதா.

பிலோமினாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். அவள் கேட் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கோபம் என்மேலிருந்து நகர்ந்து, எங்கே போகக் கூடாது என்று நான் இத்தனை மாதம் ரேடியோ வைத்தேனோ, நேராக அங்கேயே போனது.

"அப்ப தம்பி வரவே இல்லியா? இத்தன மாசமா இந்த மனுசி தனியா... என்னா மகன்க்கா..."

நான் கையை உயர்த்தினேன். அவள் நிறுத்தினாள். இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"வந்தான் பிலோமினா. ஒரு தடவ வந்தான், நீயே பாத்த. ரெண்டு தரம் சோறு வாங்கித் தின்னான். நான்தான் அந்த ஒரு நாள வச்சி, இத்தன மாசமா சூடு பண்ணிச் சூடு பண்ணிச் சாப்ட்டுக்கிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் கெட்டுப்போச்சு."